பல் கூசிய பல்லக்கு

மலைமேல் மேகம் இறங்கி, வெயிலும் தூறலும் ஒரே தெருவில் ஆளுக்கொரு பக்கமாக நிற்கிற ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, ஆனைமறிச்சான் ஊரில், குளிர்ந்தநாயகி அம்மன் கோயிலின் தந்தப் பல்லக்குக்குப் பல் கூசியது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், அது அவரவர் பாடு. அந்த ஊரில் இதை நம்புகிறாயா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பல் கூசினால் என்ன செய்யலாம் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் பார்த்தவள் செண்பகவடிவு. வாகன அறைச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கியது. பல்லக்கைத் துடைத்து மினுக்குகிற உரிமை அவள் புகுந்த வீட்டுக்கு உரியது, தலைமுறை தலைமுறையாக. அந்த உரிமைக்காகத்தான் கோயில் மதிலை ஒட்டின ஓட்டு வீட்டில் அவள் குடியிருந்தாள். ஆடிக் கடைசி வெள்ளியில், அம்மன் பல்லக்கேறிப் புறப்படுவதற்கு முன்னால், மேளம் ஒரு நிமிஷம் நிற்கும். அவள் வீட்டுப் பேரைச் சொல்லி முதல் மாலையை அவளுக்குப் போடுவார்கள். வருஷம் முழுக்க அவளைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுகிற ஊர் அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கும், அதற்காகவே அவள் மீதி நாளையெல்லாம் தள்ளினாள்.

என்ன குசுகுசுப்பு என்றால், அவள் புருஷன் மாசானமுத்துவைப் பற்றி. பல்லக்கின் முன் தண்டுக்கு வலது தோள் கொடுத்தவன். புனலூரில் வேலை பார்த்த காலத்தில் முன்பல் ஒன்றுக்குத் தங்கம் கட்டிக்கொண்டு வந்தவன், சிரித்தால் ரதவீதி முனைவரைக்கும் மின்னும். தண்டில் விரிசல் விட்டிருக்கிறது, புது மூங்கில் வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு காலைநேரம் மலைக்குப் போனான். திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு அரிவாளும் கிடைக்கவில்லை, தலைத்துண்டும் கிடைக்கவில்லை. யானை மிதித்திருக்கும் என்று பாதி ஊர் சொன்னது. மீதி ஊர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்தானே, அங்கே அவனுக்கு ஒருத்தி இருந்தாளாமே என்றது. இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தினமும் கண்ணாடி முன் நின்று குங்குமத்தைத் தொடும்போது, இன்றைக்கு இந்த மனுசனுக்காக அழுவதா, இல்லை திட்டுவதா என்று தெரியாமல் வடிவு விரலை அப்படியே வைத்திருப்பாள். செத்துப்போன செய்தி வந்திருந்தால் தாங்கியிருப்பாள், ஓடிப்போன செய்தி வந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். ஒரு செய்தியும் வராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அது கிடக்கட்டும், பல்லக்குக்கு வருவோம். பல்லக்கை மினுக்குவது திருநீற்றால்தான். சலித்த திருநீற்றை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் தந்தம் பால் மாதிரி ஆகும், இதுதான் வழக்கம். அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்ததில் அறைக்குள் இருந்த திருநீறு கட்டிதட்டிப் போயிருந்தது. வடிவு மடப்பள்ளிப் பக்கம் போய், மாடத்தில் இருந்த பித்தளைச் சம்புடத்தை எடுத்துவந்தாள். திருநீற்றுச் சம்புடம்தான், ஆனால் கோயில் பூசை செய்கிற கல்யாண பட்டர் அதில் தன் பல்பொடியை வைத்திருந்தார். சுண்ணாம்புத் தூளும் இந்துப்பும் கிராம்பும் பச்சைக் கற்பூரமும் இடித்து அவரே செய்கிற வெள்ளைப் பொடி. வெளிச்சம் போதாத அறை, இதுவும் வெள்ளை அதுவும் வெள்ளை. வடிவு துணியில் தொட்டு, அன்னப்பறவை செதுக்கின பலகையின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள். கிராம்பு வாசம் எழும்பியது. என்னடா இது வாசம் என்று அவள் யோசிப்பதற்குள், பல்லக்கு உச்சி முதல் கால் வரைக்கும் ஒருதரம் கூசிச் சிலிர்த்து அடங்கியது.

பச்சைத்தண்ணி பட்ட பல் எப்படிக் கூசுமோ அப்படியேதான். எத்தனையோ காலமாகத் திருநீற்றையே பூசிச் சாமியோடு சாமியாக வைத்திருந்தார்கள். பல்லுக்குச் செய்கிறதை யாரும் அதற்குச் செய்ததில்லை. தான் யார் என்று அதுவே மறந்துபோயிருந்தது போல. வடிவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமில்லை, அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. துணியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கி, அந்த அன்னப்பறவையின் மேல் வைத்துப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். சாரல் காற்று சன்னல் வழியாகப் புகும்போதெல்லாம் வாகன அறைக்குள் பல்லக்கின் பலகைகள் ஒன்றோடொன்று கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "குளிருதுல்லா அதுக்கு" என்று பூக்கட்டுகிற அம்மாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மல்லிகையைத் தொடுத்தாள். சாயங்காலத்துக்குள் கம்பளி வந்தது, சால்வை வந்தது, சபரிமலைக்குப் போனவர்களின் கறுப்புப் போர்வைகள் வந்தன, பிறந்த பிள்ளைக்கென்று பின்னி வைத்த குல்லாய் ஒன்று வந்து பல்லக்கின் குமிழில் ஏறி உட்கார்ந்தது. மூலையில் கணப்பு வைத்துச் சாம்பிராணி போட்டார்கள். விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் எறிகிற பிள்ளைகள், இப்போது அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வந்து பல்லக்குக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். கடைவாய்ப் பல் வலிக்காரர்கள் வந்து கன்னத்தைப் பலகையில் சாய்த்தார்கள்; வலி போகாவிட்டாலும், துணைக்கு இன்னொரு பல் வலிக்கிறது என்கிற ஆறுதல் கிடைத்தது என்றார்கள்.

தென்காசியிலிருந்து பல் டாக்டர் ஜெபக்கனி அம்மாவைக் கூட்டிவந்தார் தர்மகர்த்தா சிவசைலம் அண்ணாச்சி. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி உள்ளே வந்து, சின்னக் கண்ணாடியை எட்டின இடமெல்லாம் பிடித்துப் பார்த்து, கம்பியால் மெல்லத் தட்டினார்கள்.

"உயிர் இருக்கு" என்றார்கள். "எந்தப் பல்லையும் சொத்தைன்னு சொல்ல முடியாது. பானகம், பஞ்சாமிர்தம் மேல படாமப் பாத்துக்கோங்க. வேற மருந்து வேண்டாம்."

"இது கொம்பும்மா" என்றார் அண்ணாச்சி. "ஆனைக்கொம்பு."

"கொம்புன்னு நாம சொல்லிக்கிறோம். மேல்வாய்ல மொளைக்கிற பல்லுதான் அண்ணாச்சி, வெளிய நீண்டிருக்கு, அவ்வளவுதான்."

அன்றைக்குப் பிடித்தது பேச்சு. தெப்பக்குளத்து முனை டீக்கடையில், கோயில் பிராகாரத்தில், பேருந்துக்கு நிற்கிற இடத்தில், ஊரே அந்தப் பேரைப் பற்றியே பேசியது. கல்யாண பட்டர் சந்தனம் அரைத்துக்கொண்டே, "அட, தந்தம்னாலே பல்லுன்னுதானேய்யா அர்த்தம். தெனம் பிள்ளையாருக்கு ஏகதந்தாய நமன்னு சொல்றேன், ஒத்தைப் பல்லுக்காரனேன்னு. வாய் சொல்றது, மனசுக்கு ஒரு நாளும் பல்லுன்னு உறைச்சதில்லையே" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஆவுடையப்பன் டீயை ஆற்றிக்கொண்டு, "வடமொழிக்குத்தான் தெரியுமோ? நம்மட்ட எயிறுன்னு ஒரு சொல் இருக்கு வேய். மனுசன் பல்லும் எயிறுதான், யானையோடதும் எயிறுதான். கோடு, மருப்பு, கொம்புன்னு மத்த பேரையெல்லாம் வச்சிக்கிட்டு அந்த ஒண்ணைத்தான் நாம விட்டுட்டோம்" என்றார். கொம்பு என்றால் மாட்டுக்கு முளைக்கிற மாதிரி தலைக்கு வெளியே இருக்கிற சங்கதி, சீவலாம், அறுக்கலாம், வலிக்காது என்று நினைத்துக்கொள்ளலாம். பல் என்றால் அப்படி நினைக்க முடியாது, எல்லார் வாயிலும் அது இருக்கிறதே. இப்படிப் பேசிக்கொண்டே பலரும் நாக்கால் தங்கள் பல்லைத் தடவிப் பார்த்தார்கள்.

ஐவரி என்பது எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மாவையே கேட்டார்கள். இங்கிலீஷ்காரர்களுக்கு லத்தீன் கொடுத்தது, லத்தீனுக்கு முன்னால் எகிப்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள், அந்தப் பழைய எகிப்துச் சொல்லுக்கு யானை என்றே அர்த்தமாம் என்றார்கள் டாக்டரம்மா. ஒரு பாஷையில் பல் மட்டும் இருக்கிறது. இன்னொரு பாஷையில் முழு யானையே நிற்கிறது, தும்பிக்கையோடும் காதோடும். சீப்பு வாங்கினவனும் சீட்டுப்பெட்டி வாங்கினவனும் விலை கேட்கும்போதெல்லாம் யானையைப் பேர்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், கடல் கடந்து, எத்தனையோ நூறு வருஷமாக. அதன் பிறகு ஆனைமறிச்சான் பிள்ளைகள் எல்லாப் பேரையும் சேர்த்து ராகம் போட்டுத் தெருவில் பாடித் திரிந்தன. தந்தம், எயிறு, கோடு, மருப்பு, ஐவரி என்று காலையும் மாலையும் மலைப்பக்கம் பார்த்து ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிடுகிறோம் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

வடிவு மட்டும் இந்தப் பேச்சிலெல்லாம் சேரவில்லை. அவள் பல்லக்கோடு பேசிக்கொண்டிருந்தாள். போர்வையை விலக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, யாளியின் வாயையும் ஆடுகிற பெண்களின் இடுப்பையும் துடைத்துக்கொண்டே, "நீங்க எல்லாம் காட்டுல இருந்தவிய தானே. உங்க சனம் இன்னும் அங்கதானே இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லக்கூடாதா? சிரிச்சா மின்னும், தங்கப் பல்லு, மறக்க முடியாத ஆளு" என்பாள். அழுகை வந்தால் அழுவாள். கோபம் வந்தால், "உங்க சனம்தான் அவரை மிதிச்சுக் கொன்னுதுன்னா, நான் உங்களுக்குத் துடைச்சு விட்டுக்கிட்டு நிக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று துணியை வீசி எறிவாள். பிறகு அவளே எடுத்து அலசிக்கொண்டு வருவாள். யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்கு அந்த ஊரில் இருந்தது அந்தப் பல்லக்கு ஒன்றுதான்.

ஆடி நடுவில் பல்லக்கு வளர ஆரம்பித்தது. யானைக்கு உயிர் உள்ளவரை அந்தப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். இதுவும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அன்னங்களுக்குக் கழுத்து நீண்டது, ஆடுகிற பெண்கள் ஒல்லியாக உயர்ந்தார்கள், நாலு மூலையும் வளைந்து வெளியே வந்தன. அண்ணாச்சி கயிறு போட்டு அளந்து, அதே கயிற்றைக் கோபுர வாசலிலும் பிடித்துப் பார்த்தார். கோபுர வாசல் வழியாக இனி பல்லக்கு போகாது. அம்மன் ஒரு ஆடிக்கும் கோயிலுக்குள்ளேயே இருந்ததில்லை. வெள்ளம் வந்த வருஷமும் வெளியே வந்தவள்.

"வளந்ததை மட்டும் அறுத்துருவோம்" என்றார். நல்ல மனுஷன்தான், வேறு வழி தெரியவில்லை. ஆசாரி கும்பிட்டுவிட்டு ரம்பத்தை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். அந்த நிமிஷம் ஊரில் அத்தனை பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புரோட்டாக் கடையில் மென்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இன்னும் பல் முளைக்காத பிள்ளை ஈறு துடிக்க வீரிட்டது. பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டிருந்த வாத்தியார் ஆவுடையப்பனுக்கு, வலி டம்ளருக்குள்ளிருந்து வந்தது. ஆசாரி ரம்பத்தைப் போட்டுவிட்டு, என் கையை வெட்டினாலும் இனி தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ரம்பம் பட்ட இடத்தில் வடிவு பட்டரின் பல்பொடியை வைத்து, தாய் மகளுக்குப் பேச்சுக் கொடுக்கிற மாதிரி எதையெதையோ சொல்லி ஆற்றினாள்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. பட்டப்பகல். மலையிலிருந்து இறங்கின மேகம் தெருவுக்குள் புகுந்து கோபுரத்தின் பாதியை மறைத்திருந்தது. மேளக்காரர்கள் தவிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெப்பக்குளத்துப் பக்கமிருந்து சனம் விலகி வழிவிட்டது. மேகத்துக்குள்ளிருந்து யானைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், காய்கறிக் கடையில் ஒரு கூடையைக்கூடத் தட்டாமல் வந்து கோபுர வாசலுக்கு எதிரே நின்றன. எல்லாமே மோழை. ஒன்றுக்கும் கொம்பில்லை, களிறுகளுக்கும் வாயோரம் வெறும் குழியாக இருந்தது. இத்தனை நாளாக இந்த ஊர் பேர்சொல்லிக் கூப்பிட்டதே, வராமல் இருக்குமா. கும்பிட்டவர்கள் கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை.

அண்ணாச்சி மட்டும் வாகன அறை வாசலுக்கு ஓடினார். "வடிவு, பூட்டைத் திறக்காத. வெடிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். ஜமீன் காலத்துப் பல்லக்கு தாயி, நம்ம காலத்துலயா போகணும்?" அவள் இடுப்புச் சாவியையே பார்த்துக்கொண்டு சொன்னார் அவர். "உன்னையும் நெனச்சுப் பாரு. துடைக்கதுக்குப் பல்லக்கு இல்லன்னா உன் வீட்டுக்கு என்ன உரிமை இருக்கும்? எதுக்கு மேளம் நிக்கும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வீடு போகும், அந்த மாலை போகும், பேச்சுத்துணையும் போகும். கொடுக்கப்போவது யாருக்கு என்றால், தன் தாலியை அறுத்திருந்தாலும் அறுத்திருக்கக் கூடிய சனத்துக்கு. வடிவு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அறைக்குள் பலகைகள் லேசாக அசைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆடிப்பூரத்துல இருந்தே எல்லாம் ஆடிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. நான்தான் உங்கள்ட்ட சொல்லல" என்றாள். "ஆடுற பல்லைக் கையால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்க?"

கதவைத் திறந்து, போர்வைகளை மடித்து வைத்தாள். அன்னப்பறவைப் பலகையில்தான் முதலில் கை வைத்தாள். தொட்டதும் பால்பல் மாதிரி வலிக்காமல் கையோடு வந்தது, வெதுவெதுப்பாக. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கோபுர வாசல் தாண்டிப் போய், முன்னால் நின்ற களிற்றின் முகத்துக்கு நேராக நின்றாள். அத்தனை பெரிய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் மனதில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"என் ஆளை மிதிச்சது உங்கள்ல யாரு?" என்று கேட்டாள். "சொன்னாலும் சொல்லாட்டாலும் இது உங்களுதுதான். இந்தா."

களிறு தும்பிக்கையால் வாங்கி, வாயோரத்துக் குழியில் வைத்தது. பலகை இளகி, உருண்டு, நீண்டு, வளைந்து, மூங்கில் குருத்து மாதிரி வெளியே வந்து நின்றது. செதுக்கின அன்னங்கள் அழியவில்லை, அந்த வளைவைச் சுற்றி வரிசையாக ஏறிப் போயின. பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் பேர்களையெல்லாம் மறந்து வாயைப் பொத்திக்கொண்டார். வடிவு திரும்பத் திரும்ப உள்ளே போனாள், வந்தாள். பட்டர் ஒரு பலகையைத் தூக்கினார். பிறகு ஆசாரி தூக்கினார். கடைசியில், அழுதுகொண்டே, சிவசைலம் அண்ணாச்சியும் யாளி செதுக்கின மூலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெடிக்குப் போனவன் வெடியோடு வந்து, அதைத் தெப்பக்குளத்துப் படியில் வைத்துவிட்டு, தானும் ஒன்றைத் தூக்கினான். யாளியும் அன்னமும் கொடியும் ஆடுகிற பெண்களும் வாயோரம் மின்ன, யானைகள் ஒவ்வொன்றாக மேகத்துக்குள் திரும்பி நடந்தன.

எல்லாம் போன பிறகும் ஒன்று நின்றது. கிழட்டுப் பிடி, காதெல்லாம் கிழிந்து போனது. அதற்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று வடிவு வெறுங்கையை விரித்துக் காட்டினாள். பிடி தும்பிக்கையை மடித்துத் தன் வாய்க்குள் விட்டு, கன்னத்தின் உட்பக்கமிருந்து எதையோ எடுத்து, விரித்த அந்தக் கையில் வைத்தது.

ஒரு மனுசப் பல். தங்கம் கட்டினது.

யானையின் வாய்ச் சூடு இன்னும் அதில் இருந்தது. வெயிலில் கிடந்ததில்லை, மண்ணில் கிடந்ததில்லை. உடையவர்கள் ஒரு நாள் வருவார்கள் என்று பத்திரமாக வைத்திருந்த பொருள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மிதித்த கால் அதனுடையதா, பக்கத்தில் நின்று காவல் காத்த கால் அதனுடையதா என்று வடிவு இனிமேல் கேட்கவில்லை. பிடி தும்பிக்கை நுனியால் அவள் உச்சந்தலையை ஒருதரம் தொட்டுவிட்டுப் போயிற்று.

பல்லக்கில் மிச்சமிருந்தது தேக்குச் சட்டம் மட்டும். அந்த வெறும் மரத்தில் அம்மனை எழுந்தருளச் செய்தார்கள், கோபுர வாசலில் இடிக்காமல் சுகமாக வெளியே வந்தாள் அவள். வழக்கமான இடத்தில் மேளம் நின்றது. அண்ணாச்சிதான் கையைக் காட்டி நிறுத்தினார். வடிவு வீட்டுப் பேரைச் சொல்லி பட்டர் மாலையோடு வந்தார். வடிவு மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மூடியிருந்த கையைத் திறந்து, உள்ளே இருந்ததின் மேல் அந்த மாலையைச் சுற்றினாள். மேகம் விலகி வெயில் பட்டதில், ரதவீதி முனைவரைக்கும் அது மின்னியது.

ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றது. வடிவு தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, அழுகையும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்த குரலில் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரர் புனலூருக்குப் போகல."